மூடியிருந்த இரண்டு வால்வுகள்

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. காலை 7.23 மணிக்கு கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் முழுவதும் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. பிக்கரிங் அணு மின் நிலையத்தில் ஏதோ ஒரு சம்பவம் என்றது திரையில் வந்த செய்தி. ஸ்கார்பரோ, ஏஜாக்ஸ், பிக்கரிங் என்று அந்த நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அது தவறாகப் போன எச்சரிக்கை என்ற மறு அறிவிப்பு அதே கைபேசிகளுக்கு வந்து சேர 108 நிமிடங்கள் ஆயின.

உலையில் எதுவுமே நடக்கவில்லை. எச்சரிக்கை அனுப்பும் அமைப்பு வேலை செய்கிறதா என்று ஷிஃப்ட் மாறும்போது சோதித்துப் பார்ப்பது அப்போது தினசரி வழக்கமாக இருந்தது. பயிற்சிக்கான தளத்தில் செய்ய வேண்டிய சோதனையை அன்று ஒருவர் நிஜமான தளத்திலேயே செய்துவிட்டார். கணினித் துறையில் இருப்பவர்கள் இதைக் கேட்டதும் ஒரு மாதிரி சிரிப்பார்கள். டெஸ்ட் சர்வர் என்று நினைத்து புரொடக்‌ஷன் சர்வரில் கட்டளை அடித்த கதை ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒன்றாவது உண்டு.

ஒரு அமைப்பு நலமாக இருக்கிறதா என்று பார்க்கப் போய், அந்தப் பார்வையே அதற்கு வினையாவது புதிய விஷயம் அல்ல. இந்த வகையில் மிகவும் புகழ்பெற்ற கதை 1979-இல் அமெரிக்காவில் நடந்தது. த்ரீ மைல் ஐலண்ட் என்ற பெயரைப் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். செர்னோபில், ஃபுக்குஷிமா என்ற வரிசையில் முதலாவதாக வரும் பெயர். ஆனால் அந்த விபத்துக்கு இரண்டு நாள் முன்பு நடந்த ஒரு சாதாரண பம்ப் சோதனையைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்லாது.

முதலில், எதற்காக இந்தச் சோதனைகள்?

காரின் பின்னால் ஒரு மாற்று டயர் இருக்கும். ஊரில் அதை ஸ்டெப்னி என்பார்கள். ஐந்து வருடம் அதைத் தொட்டே பார்க்காமல் ஓட்டலாம், ஒரு குறையும் தெரியாது. அதில் காற்று இருக்கிறதா இல்லையா என்பது, நடு இரவில் நெடுஞ்சாலையில் நிற்கும்போதுதான் தெரியவரும். அணு மின் நிலையத்தில் இருக்கும் பாதுகாப்புக் கருவிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட ஸ்டெப்னிகள்தான். தினமும் ஓடும் பம்ப் பழுதானால் உடனே தெரியும், ஏனென்றால் அது நின்றுவிடும். வருடக் கணக்கில் சும்மா நிற்கும் பம்ப் பழுதானால் யாருக்கும் தெரியாது. ஆகவே அதை அவ்வப்போது ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கான விதிகளை எழுதுவது அணுசக்தி விஞ்ஞானிகள் அல்ல, இயந்திரப் பொறியாளர்களின் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. அதன் வேர் இன்னும் பழையது. 1905-இல் மாசசூசெட்ஸின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். நீராவிக் காலத்தில் பாய்லர் வெடிப்பது அடிக்கடி நடந்த ஒன்று. அதற்கு ஒரு பொது விதி வேண்டும் என்ற கோரிக்கை இந்த விபத்துக்குப் பிறகு வலுத்தது. அந்தச் சங்கத்தின் முதல் பாய்லர் விதிநூல் 1914-இல் உருவானது. அணு உலைகள் வந்தபோது அதே விதிநூல் வளர்ந்தது. 1970-களில் பம்புகளுக்கும் வால்வுகளுக்கும் தனித்தனிப் பகுதிகள் சேர்ந்தன.

சோதனை என்றால் என்ன செய்வார்கள்? பொத்தானை அழுத்தி 'ஓடுகிறது' என்று எழுதிவிட்டுப் போவது அல்ல. பம்பை ஓட்டி, எவ்வளவு நீர் பாய்கிறது, உள்ளே வரும் அழுத்தத்துக்கும் வெளியே போகும் அழுத்தத்துக்கும் என்ன வித்தியாசம், தாங்கிகளில் அதிர்வு எவ்வளவு என்று அளப்பார்கள். பம்ப் நல்ல நிலையில் இருந்தபோது எடுத்த அளவோடு ஒப்பிடுவார்கள். கொஞ்சம் விலகினால் கவனிப்பு அதிகமாகும்; இன்னும் விலகினால் பம்ப் பழுது என்றே கணக்கு. வால்வு என்றால் திறக்கவும் மூடவும் எத்தனை விநாடி ஆகிறது என்று நேரம் பார்ப்பார்கள். போன முறை 8 விநாடி எடுத்தது இந்த முறை 13 விநாடி எடுத்தால், அது இன்னும் வேலை செய்கிறது என்பது ஆறுதல் இல்லை. உள்ளே ஏதோ இறுகத் தொடங்கிவிட்டது. சலிப்பான வேலைதான். ஆனால் அந்தத் தாள்களை வருடக் கணக்கில் அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒரு இயந்திரத்தின் ஜாதகமே அதில் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சோதனை செய்யும் நேரத்தில் அந்தக் கருவியை அதன் வழக்கமான நிலையிலிருந்து நகர்த்த வேண்டியிருக்கிறது. அவசரகால நீர் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சோதிக்க ஓட்டும்போது குளிர்ந்த நீர் போய், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டீம் ஜெனரேட்டருக்குள் விழக் கூடாது. ஆகவே வழியில் இருக்கும் வால்வை மூடி, நீரை வேறு பாதையில் சுற்றிவிட்டு, பம்பை ஓட்டுவார்கள். சோதனை முடிந்ததும் வால்வைத் திறக்க வேண்டும். கடைசி வரி அதுதான்.

இந்தக் கடைசி வரியை மறக்கும் வாய்ப்பைப் பொறியாளர்கள் யோசிக்காமல் இல்லை. எம்.ஐ.டி. பேராசிரியர் நார்மன் ராஸ்முசன் தலைமையில் 1975-இல் வெளியான புகழ்பெற்ற பாதுகாப்பு ஆய்வு, சோதனைக்குப் பின் வால்வுகளைப் பழைய நிலைக்குத் திருப்ப மறப்பது போன்ற மனிதத் தவறுகளையும் தன் கணக்கில் சேர்த்திருந்தது. அடிக்கடி சோதித்தால் மறைந்திருக்கும் பழுது சீக்கிரம் பிடிபடும். ஆனால் ஒவ்வொரு சோதனையும் ஒரு தேய்மானம், ஒரு மறதிக்கான வாய்ப்பு. அவசர டீசல் ஜெனரேட்டர்களைக் குளிர்ந்த நிலையிலிருந்து சட்டென்று கிளப்பிக் கிளப்பிச் சோதித்ததே அவற்றைக் கெடுக்கிறது என்று கண்டு, 1984-இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அந்த வகைச் சோதனைகளைக் குறைக்கச் சொன்னது. செடி வேர் பிடித்துவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்ப்பவனின் கதைதான்.

இனி பென்சில்வேனியா. சஸ்குவஹானா நதியின் நடுவே ஒரு தீவு, ஹாரிஸ்பர்க் நகருக்கு அருகில். அங்கே இருந்த இரண்டாவது உலை வணிக ரீதியாக ஓடத் தொடங்கியது 1978 டிசம்பர் 30-இல். விபத்து நடந்தபோது அதற்கு மூன்று மாதம்கூட நிரம்பவில்லை.

1979 மார்ச் 26, திங்கட்கிழமை. அவசரகால நீர் பம்புகளுக்கான வழக்கமான சோதனை நடந்தது. அதற்காக 12ஏ, 12பி என்ற இரண்டு வால்வுகளை மூடினார்கள். அந்த நிலையத்தின் சோதனை வழிமுறை இரண்டையும் மூடச் சொன்னது. உலை ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாப் பாதைகளையும் ஒரே நேரத்தில் அடைப்பது உரிம நிபந்தனைகளுக்கே விரோதமானது என்று பின்னால் ஆணையம் சொன்னது. இரட்டைப் பாதை வைப்பதே ஒன்று அடைத்தால் மற்றது இருக்கட்டும் என்றுதான். இரண்டையும் ஒரே தாளில் இருக்கும் ஒரே வேலையாக ஆக்கிவிட்டால், அங்கே இருப்பது ஒரு பாதைதான். குழாய் இரண்டு, மறதி ஒன்று.

42 மணி நேரம் போனது. 8 மணி நேர ஷிஃப்ட் என்று கணக்கிட்டால் குறைந்தது ஐந்து முறை ஆள் மாறியிருக்கும். ஷிஃப்ட் மாறும்போது எந்த வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று முறையாகச் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இல்லை.

மார்ச் 28, புதன்கிழமை, அதிகாலை 4 மணி தாண்டி அரை நிமிடம். உலை 97 சதவீதத் திறனில் ஓடுகிறது. நீரைச் சுத்திகரிக்கும் தொட்டி ஒன்றில் ரெசின் மணிகள் அடைத்துக்கொள்ள, அதைச் சரிசெய்யப் பல மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். எதிர்பாராமல் வழக்கமான நீர் பம்புகள் நின்றன. டர்பைன் நின்றது. உலையின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஸ்டீம் ஜெனரேட்டருக்கு நீர் வரவில்லை. உலையில் அழுத்தம் ஏறியது. எட்டு விநாடிக்குள் உலை தானாகவே அணைந்தது.

அணைந்தாலும் அணு உலை உடனே குளிர்ந்துவிடாது. பிளவுப் பொருட்களின் வெப்பம் தொடர்ந்து வரும். அதற்குத்தான் அவசர பம்புகள். மூன்று பம்புகளும் விநாடிகளுக்குள் கிளம்பின. கன்ட்ரோல் ரூமில் இருந்த ஆபரேட்டர் ஒருவர் பம்புகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டார். மாதிரிக் கேள்வித்தாளில் கேட்டால் இதற்கு முழு மதிப்பெண். திங்கட்கிழமை சோதித்த பம்புகள் புதன்கிழமை சொன்னபடி ஓடின. ஆனால் நீர் போகும் வழி மூடியிருந்தது.

பலகையில் அதைக் காட்டும் விளக்குகள் இருந்தன. ஒன்றை, பராமரிப்புக்காகத் தொங்கவிட்ட மஞ்சள் அட்டை ஒன்று மறைத்திருந்தது. மற்றது ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு விடை இல்லை. முதல் சில நிமிடங்களில் நூறுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தன என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வகை உலையின் ஸ்டீம் ஜெனரேட்டர்கள் கொள்ளும் நீர் குறைவு. இரண்டு நிமிடத்துக்குள் அவை கொதித்து வறண்டன. எட்டாவது நிமிடத்தில் ஒருவர் வால்வுகள் மூடியிருப்பதைக் கண்டுபிடித்துத் திறந்தார்.

அந்த எட்டு நிமிடம்தான் விபத்துக்குக் காரணம் என்று சொல்லிக் கதையை முடித்தால் வசதியாக இருக்கும். பல கட்டுரைகள் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் அது உண்மையில்லை. பின்னர் ஆராய்ந்த குழு, அந்த எட்டு நிமிட இழப்பு விபத்தின் முடிவைப் பெரிதாக மாற்றவில்லை என்றே சொன்னது. உலையை உருக்கியது வேறொரு வால்வு. மூடிய இரண்டும் செய்தது, மிக முக்கியமான நிமிடங்களில் ஆபரேட்டர்களின் கவனத்தைத் தம் பக்கம் இழுத்ததுதான். என் பார்வையில் இந்தக் குறிப்புதான் விபத்தை மேலும் சுவாரஸ்யமாக்குகிறது. ஒரு தவறு தானாகச் சேதம் செய்யாமல், இன்னொரு தவறுக்குத் திரை பிடிக்கலாம்.

அந்த இன்னொரு வால்வு எது? வீட்டுக் குக்கரில் அழுத்தம் மிஞ்சினால் வெயிட் தூக்கி விசில் அடிக்கும், அழுத்தம் இறங்கினால் வெயிட் தானாக உட்காரும். உலையோடு இணைந்த பிரஷரைசர் என்ற கலத்தின் மேலே அப்படி ஒரு வால்வு இருந்தது. விபத்தின் மூன்றாவது விநாடியில் அது சரியாகத் திறந்தது. பதின்மூன்றாவது விநாடியில் மூட வேண்டும். மூடவில்லை. விசில் தூக்கியபடியே நின்றுவிட்டது.

பலகையில் அதற்கான விளக்கு அணைந்தது. அப்படியானால் மூடிவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டவே இல்லை. மூடு என்ற மின் கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே காட்டியது. மெசேஜில் ஒற்றை டிக் வந்தால் அனுப்பியாயிற்று என்று பொருள். படித்தாயிற்று என்று பொருள் இல்லை. இந்த வித்தியாசத்தை இன்று பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறு தடயம் இருந்ததே? இருந்தது. அந்த வால்வுக்குப் பின்னால் இருக்கும் குழாய் சூடாக இருந்தது. ஆனால் பல வாரங்களாகவே அங்கே கசிவு இருந்ததால், அந்தச் சூடு பழகிப்போயிருந்தது.

அடுத்தது இன்னும் கொடுமை. இரண்டாவது நிமிடத்தில், உலைக்குள் உயர் அழுத்தத்தில் நீர் பாய்ச்சும் பம்புகள் தாமாகவே கிளம்பின. அவற்றை விட்டிருந்தால் போதும், நாம் இந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டோம். ஆனால் பிரஷரைசரில் நீர் மட்டம் ஏறிக்கொண்டே போனது. நீர் நிரம்பி வழியப்போகிறது என்று பயிற்சியில் சொல்லித்தந்தபடி நினைத்து, ஆபரேட்டர்கள் ஒரு பம்பை நிறுத்தி மற்றதைக் குறைத்தார்கள். அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மட்டம் விளிம்பு வரை வரும். பால் கூடிவிட்டதா? அழுத்தம் குறைந்ததால் உலை நீர் நீராவிக் குமிழிகளாகிப் பொங்கியது. மேலே மட்டம் ஏறும்போதே கீழே நீர் குறைந்துகொண்டிருந்தது. உலைக்குள் நீர் எவ்வளவு என்று நேரடியாகக் காட்டும் கருவி எதுவும் இல்லை.

காலை 6.22-க்கு, அடுத்த ஷிஃப்டுக்கு வந்த ஒருவர் நிலைமையை ஊகித்து அந்தப் பாதையில் இருந்த மாற்று வால்வை மூடச் சொன்னார். இரவெல்லாம் ஒரே எண்ணத்தில் சிக்கியிருந்தவர்களுக்குத் தெரியாதது, வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குள் குளிர்விக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டிருந்தது. உலை மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது. உள்ளே கேமராவை இறக்கிப் பார்த்து அதை உறுதி செய்யவே வருடங்கள் ஆயின. சுத்தம் செய்யும் பணி 1993 வரை நீண்டது; செலவு சுமார் 100 கோடி டாலர். வெளியேறிய கதிர்வீச்சு மிகக் குறைவு என்பது அரசு அளவீடுகளின் முடிவு. ஆனால் அந்த வாரம் அது யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை, 5 மைலுக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் வெளியேறலாம் என்று ஆளுநர் அறிவுறுத்தியதும், சுமார் 1,40,000 பேர் வண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இதே வகை உலையில், ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில், 1977 செப்டம்பர் 24-இல் இதே போன்ற வால்வு இதே போலத் திறந்தபடி சிக்கியது. அங்கேயும் ஆபரேட்டர்கள் நீர் பாய்ச்சுவதைக் குறைத்தார்கள். உலை அன்று 9 சதவீதத் திறனில்தான் ஓடியது, சுமார் 20 நிமிடத்தில் வால்வு திறந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், தப்பியது. உலையை வடிவமைத்த நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பொறியாளர் 1978 தொடக்கத்தில் இதைப் பற்றிக் குறிப்பு எழுதினார். ஆபரேட்டர்களுக்குப் புதிய அறிவுறுத்தல் தர வேண்டும் என்றார். அந்த எச்சரிக்கை பென்சில்வேனியாவின் கன்ட்ரோல் ரூமுக்குப் போய்ச் சேரவில்லை. வால்வு அடைத்தால் நீர் நிற்கும், காகிதம் அடைத்தால் அறிவு நிற்கும்.

விசாரணைக் குழுவுக்கு ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் நியமித்த தலைவர் ஜான் கெமனி. கணினி படிப்பவர்கள் இந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். 1964-இல் தாமஸ் கர்ட்ஸுடன் சேர்ந்து பேசிக் என்ற கணினி மொழியை உருவாக்கியவர் இவர்தான். புடாபெஸ்டில் பிறந்து, 1940-இல் யூதக் குடும்பமாகத் தப்பி அமெரிக்கா வந்த பையன். சாதாரண மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்று மொழி செய்த ஒருவர், ஆபரேட்டர்களுக்குக் கன்ட்ரோல் ரூம் எவ்வளவு புரியாததாக இருந்தது என்பதைக் கவனித்தது எனக்கு வியப்பாக இல்லை. அங்கே எச்சரிக்கைகளை அச்சிடும் பிரிண்டர், நடப்பவற்றைத் துரத்த முடியாமல் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியது. 1979 அக்டோபரில் வந்த அவருடைய அறிக்கை ஆபரேட்டர்களின் தவறுகளை மறைக்கவில்லை. ஆனால் குற்றத்தை அவர்கள் தலையில் மட்டும் கட்டவும் இல்லை. பயிற்சி, வழிமுறைத் தாள்கள், நிறுவனங்கள், ஒழுங்குமுறை ஆணையம் என்று எல்லோரையும் கூண்டில் ஏற்றியது.

12ஏ, 12பி ஏன் மூடியிருந்தன? அதைக் குழுவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை சோதனைக்குப் பின் திறக்காமல் விட்டிருக்கலாம். திறந்த பிறகு வேறு யாரோ வேறு இடத்திலிருந்து தவறுதலாக மூடியிருக்கலாம். விபத்தின் பதற்றத்தில் கன்ட்ரோல் ரூமிலேயே மூடியிருக்கலாம். முதலாவதுதான் அதிகம் பேசப்படுவது, ஆனால் நிரூபணம் இல்லை. இன்று ஒரு மென்பொருளில் யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று ஒரு கட்டளையில் பார்த்துவிடுகிறோம். அங்கே இருந்தது, சோதனை முடிந்தது என்று சொல்லும் ஒரு தாள்.

அதற்குப் பிறகு நிறைய மாறியது. அந்த வகை வால்வுகளுக்குக் கட்டளையை அல்ல, உண்மையான நிலையைக் காட்டும் விளக்கு கட்டாயமானது. ஷிஃப்ட் மாறும்போது சரிபார்ப்புப் பட்டியல் வந்தது. சோதனைக்குப் பின் வால்வைத் திறந்தவர் திறந்தேன் என்று எழுதினால் போதாது, இன்னொருவர் தனியாகப் போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றானது. வேலை இரட்டிப்பு, நேர விரயம் என்ற முணுமுணுப்பு அன்றும் இருந்திருக்கும், இன்றும் இருக்கும்.

அப்படியானால் சோதனைகளைக் குறைத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு மறுபக்கம் ஜப்பானில் இருக்கிறது. ஃபுக்குஷிமாவின் முதல் உலையில், மின்சாரம் இல்லாமலே உலையைக் குளிர்விக்கக்கூடிய ஐசோலேஷன் கண்டென்சர் என்ற தொட்டி இருந்தது. 2011 மார்ச் 11-இல் சுனாமி வந்து மின்சாரம் போனபோது, அதன் வால்வுகள் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா என்று காட்டும் விளக்குகளும் போயின. அன்று பணியில் இருந்தவர்களில் ஒருவர்கூட அந்த நாளுக்கு முன் அதை நிஜமாக இயக்கிப் பார்த்தவர் அல்லர். அது ஓடினால் கட்டடச் சுவரில் இருக்கும் குழாய்களிலிருந்து பெரும் இரைச்சலோடு நீராவி பீறிடும். அன்று மாலை யாரோ எட்டிப் பார்த்தார்கள். மெல்லிய நீராவி தெரிந்தது. ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டு மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும்படி அதன் வால்வுகள் அமைக்கப்பட்டிருந்தன. ஒரு முறையாவது அதை ஓட்டிப் பார்த்தவர் அங்கே நின்றிருந்தால், அந்த நீராவி போதாது என்று காதாலேயே சொல்லியிருப்பார்.